வாலிபம் தேடிய டாக்டர்

1889-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி. பாரீஸ் நகரில் விஞ்ஞானிகள் கூடியிருந்தனர். 72 வயது முதியவர் ஒருவர் பேச எழுந்தார். இழந்த பலம் தமக்குத் திரும்பி வந்துவிட்டது என்று அறிவித்தார்!

அவர்தான் உலகப் புகழ் பெற்ற டாக்டர் பிரவுன் செக்கார்.

தையற்காரியின் மகன்

மோரீசு தீவில் போர்ட் லூயி நகரில் 1817-ம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை அமெரிக்கர், கப்பல் தலைவர். மகன் பிறக்கும் முன்பே கடலில் மாண்டுபோனார். தாய் பிரெஞ்சு வம்சத்தவர். துணி தைத்து மகனை வளர்த்தார்.

மகன் பாரீசுக்குப் போனார். 1846-ல் டாக்டர் பட்டம் பெற்றார். முதுகுத் தண்டின் ஒரு பாதி அறுபட்டால் என்ன நேரும் என்று கண்டுபிடித்தார். அந்தக் கோளாறு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல ஒரு சுரப்பி இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பிராணிகள் பிழைப்பதில்லை என்று 1856-ல் காட்டினார். சுரப்பிகள் ரத்தத்தில் ஏதோ கலக்கின்றன என்ற எண்ணம் அவர் மனதில் வேரூன்றியது.

விபரீத ஊசி

வயது ஏறியது, உடல் தளர்ந்தது. நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளை நசுக்கி, தண்ணீர் கலந்து வடிகட்டினார். அந்தச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். மாடிப்படியில் ஓடி ஏற முடிந்தது. நெடுநேரம் நின்று வேலை செய்ய முடிந்தது.

செய்தி காட்டுத் தீ போலப் பரவியது. வியாபாரிகள் அதைக் காயகல்பம் என்று விற்றுக் காசு பார்த்தார்கள். ஆனால் டாக்டருக்கோ தளர்ச்சி மீண்டும் வந்தது. 1894-ல் அவர் காலமானார்.

உண்மை என்ன?

ஆண் தன்மையைத் தரும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் 1935-ல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அது தண்ணீரில் எளிதில் கரையாது. விதை அதைச் சேமித்து வைப்பதும் இல்லை. ஆகவே டாக்டரின் சாற்றில் அது இருந்தது மிக மிகச் சொற்பமே. அவரைப் படி ஏற்றியது மருந்து அல்ல, நம்பிக்கை!

எனினும் அவர் எண்ணம் வீண் போகவில்லை. 1891-ல் இங்கிலாந்தில் டாக்டர் மர்ரே, ஆட்டின் தைராய்டு சுரப்பிச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசி மூலம் செலுத்தினார். நோய் தணிந்தது. இன்றைய ஹார்மோன் வைத்தியம் பிறந்தது.

நமக்குப் பாடம்

குழந்தை இல்லையே என்று ஏங்கும் ஆண்கள் இன்றும் லேகியம், சூரணம், ஊசி என்று அலைகிறார்கள். சாப்பிட்டதும் தெம்பு வந்ததாகத் தோன்றலாம். அது போதாது. ஒரு சாராருக்கு மருந்து, மறு சாராருக்கு அதே தோற்றமுள்ள வெறும் பொடி. எது யாருக்கு என்று சொல்லாமல் கொடுத்து ஒப்பிட வேண்டும். மூலிகைக்கும் இதுவே உரைகல்.

மற்றொன்று. டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஏற்றினால் பிள்ளைப்பேறு கிட்டும் என்று நினைப்பது தவறு. உடல் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், விந்தணு குறைந்துபோகும். முதலில் டாக்டரிடம் போய் விந்துப் பரிசோதனை செய்துகொள்வதே நல்லது. மனைவியை மட்டும் குறை கூறுவதில் நியாயம் இல்லை.

மோரீசில் மனநோய் மருத்துவமனை ஒன்று பிரவுன் செக்கார் பெயரைத் தாங்கி நிற்கிறது. எத்தனை பெரிய மேதையானாலும் தன் உடம்புக்குத் தானே சாட்சி சொன்னால் ஏமாறக்கூடும்!