எளிய பாட்டுக்கும் ஏற்றம் தந்தவர்

பெரிய வித்துவான் ஒருவர் சின்னஞ்சிறு பாட்டைப் பாடினால் அவர் பெருமை குறைந்துவிடுமோ? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கூறிச் சென்றவர் அயர்லாந்து நாட்டுப் பாடகர் ஜான் மக்கார்மக். அவரது வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

ஷானன் ஆற்றங்கரையிலுள்ள அத்லோன் நகரில் 1884ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஜான் பிறந்தார். தந்தையார் கம்பளி ஆலைத் தொழிலாளி. வீட்டில் பிள்ளைகள் பலர், வருவாயோ குறைவு. டப்ளின் பேராலயப் பாடகர் குழுவில் இவரைச் சேர்த்துப் பயிற்றுவித்தார் வின்சென்ட் ஒப்ரையன். 1903இல் டப்ளின் இசைப்போட்டியில் ஜான் தங்கப்பதக்கம் வென்றார். பின்னர் இத்தாலியின் மிலான் நகர் சென்று 'ஆப்பரா' என்னும் இசை நாடகக் கலை பயின்றார்.

ஆப்பரா பாடுவது எளிதன்று. ஒலிபெருக்கியின்றி, பெரிய வாத்தியக் குழுவின் ஓசையையும் கடந்து, கடைசி வரிசைவரை குரல் எட்டவேண்டும். 1906இல் சவோனா நகரில் ஜான் முதன்முதலாக மேடையேறினார். தாம் மணக்கவிருந்த லில்லி ஃபோலியின் பெயரைச் சற்றே மாற்றி, ஜியோவானி ஃபோலி என்று மேடைப்பெயர் சூடிக்கொண்டார். மறு ஆண்டே லண்டன் கவென்ட் கார்டன் அரங்கில் தலைமைப் பாடகரானார். அப்போது அவருக்கு வயது 23!

ஆயினும் நடிப்பு தமக்கு வரவில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே கச்சேரி மேடையையும் இசைத்தட்டையும் நாடினார். அந்நாளில் பாடகர் ஒரு தகரப் புனலின் முன் நின்றே பாடவேண்டும். தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடப் பாட்டே அடங்கும். அதிலே அயர்லாந்து நாட்டுப்பாடல்களையும், தெருவில் சிறுவர் முணுமுணுத்த பாட்டுகளையும் பாடினார். போர்வீரர்கள் விரும்பிய 'டிப்பரேரி' பாட்டை 1914இல் பதிவு செய்தார். 1925ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் இர்விங் பெர்லின் இயற்றிய புதிய பாட்டை அமெரிக்க வானொலியில் பாடினார். தட்டுகள் ஏராளமாக விற்பனையாயின.

உயர்ந்த கலையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று விமரிசகர் சிலர் குறை கூறினர். ஆனால் 1916இல் மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி'யிலிருந்து அவர் பதிவு செய்த பாட்டைக் கேட்டவர்கள் வாயடைத்துப் போயினர். மிக நீண்ட இசைத்தொடரை ஒரே மூச்சில் பாடியிருந்தார்! இன்றும் இசை மாணவர்க்கு அது உரைகல். அதே மூச்சையும், சொல் தெளிவையும், உழைப்பையுமே எளிய பாட்டுக்கும் அவர் அளித்தார். இதுவே அவரது வெற்றியின் இரகசியம்.

1923இல் ஆப்பரா மேடையைவிட்டு விலகினார். அவரது அறப்பணிகளைப் பாராட்டிப் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1928இல் அவருக்குக் 'கவுண்ட்' பட்டம் வழங்கினார். 1932இல் டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் நடந்த நற்கருணை மாநாட்டுத் திருப்பலியில், மாபெரும் மக்கள் கூட்டத்தின் நடுவே 'பானிஸ் அஞ்செலிக்குஸ்' கீதத்தை இசைத்தார். அன்று இசைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார்? இளமையில் அவரைப் பயிற்றுவித்த அதே ஒப்ரையன்தான்!

1938இல் ஓய்வு பெற்றும், போர் மூண்டதும் செஞ்சிலுவைச் சங்க நிதிக்காக மீண்டும் பாடினார். உடல்நலம் குன்றி, 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் டப்ளின் அருகே மறைந்தார்.

பணியில் சிறிது பெரிது இல்லை. செய்யும் மனத்தில்தான் உண்டு. மேடையில் பாடினாலும், தம்பியைத் தூங்கவைக்கப் பாடினாலும் முழுமனத்தோடு பாடுவோம்!