டொக்டர் மேரி ரட்ணம்: இலவச வைத்தியமும் அதன் செலவும்

எமது சங்கத்தின் கடந்த பொதுக்கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு அன்று நடந்த வாதம் நினைவிருக்கும். வெளிநாட்டிலுள்ள எம் பழைய மாணவியர் பணம் சேர்த்து, அரச வைத்தியசாலையொன்றின் பிரசவ விடுதிக்கு ஸ்கேன் இயந்திரம் ஒன்று வாங்கித் தர முன்வந்தார்கள். நல்ல காரியம், உடனே செய்வோம் என்றார்கள் பலர். அரசாங்கம் வாங்க வேண்டியதை நாம் வாங்கிக் கொடுத்தால் நாளை கட்டிலுக்கும் எம்மைத்தான் கேட்பார்கள் என்றார்கள் வேறு சிலர். வசதியுள்ளவர்களிடம் வைத்தியசாலையிலேயே காசு வாங்கினால் என்ன, எல்லோருக்கும் ஏன் இலவசம் என்று இன்னொருவர் கேட்டார். அதன்பிறகு எவர் பேசியதும் எவருக்கும் கேட்கவில்லை. லுஹர் பாங்கு சொன்ன பிறகுதான் கூட்டம் அமைதியானது.

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க் குழு எம்மைக் கேட்டபோது இந்த வாதம் எம் காதைவிட்டு அகலவில்லை. ஆகவே டொக்டர் மேரி ரட்ணத்தைத் தெரிவு செய்தோம். அவருக்கும் கல்முனைக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகச் சொல்ல வரவில்லை. எம் தாய்மார் காசில்லாமல் பிள்ளை பெற்று வீடு திரும்பியதற்குப் பின்னால் உள்ள கதையில் அவருக்கு ஓர் இடம் உண்டு என்பதே எமது எண்ணம்.

மேரி ஹெலன் ஏர்வின் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். பெண்பிள்ளை வைத்தியம் படிப்பதை அங்கும் பலர் ஏளனமாகப் பார்த்த காலம் அது. ரொறன்ரோவில் பெண்களுக்கென்றே இருந்த மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனின் வைத்தியப் பணிக்காக யாழ்ப்பாணம் வருவதற்குப் புறப்பட்டவர், 1896இல் நியூயோர்க்கில் சாமுவேல் கிறிஸ்மஸ் ரட்ணம் என்ற இலங்கைத் தமிழரை மணந்துகொண்டார். சுதேசிகளுக்குச் சேவை செய்ய அனுப்பப்பட்ட வெள்ளைக்காரப் பெண் சுதேசி ஒருவரையே மணந்துகொண்டு வந்து இறங்கியதை மிஷன் வட்டாரம் விரும்பவில்லை. மிஷன் வேலை நிலைக்கவில்லை. கணவனும் மனைவியும் கொழும்புக்கு வந்தார்கள். அங்கே பெண்களுக்கான லேடி ஹெவ்லொக் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, பின்னர் சொந்தமாக வைத்தியம் செய்யத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் வைத்தியர் என்றால் என்ன என்பதை எங்கள் பகுதியினருக்கு விளக்கத் தேவையில்லை. ஆண் டொக்டர் முன்னால் போக மாட்டேன் என்று சொல்லி நோயை மடியில் கட்டிக்கொண்டு இருந்த மூத்தம்மாமார் எங்கள் வீடுகளிலும் இருந்தார்கள். முஸ்லிம் வீடுகளில் மட்டுமல்ல, பாண்டிருப்பிலும் காரைதீவிலும் இதே கதைதான். திரைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் போகக்கூடியவர் இன்னொரு பெண்தான். மேரி ரட்ணம் அப்படிப் போனவர். தாய்மாரின் கைபிடித்து நோய் பார்த்தவருக்கு, மருந்தால் மட்டும் தீராத காரியங்கள் எவை என்பது சீக்கிரமே விளங்கியிருக்கும். அவர் பிற்பாடு செய்த வேலைகளைப் பார்த்தே இதைச் சொல்கிறோம்.

அந்த வேலைகள் பல. 1904இல் இலங்கைப் பெண்கள் சங்கத்தைத் தொடக்கினார். 1909இல் உருவான தமிழ் மகளிர் சங்கத்தின் ஆரம்பத்திலும் அவர் பெயர் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூலும் ஆசிரியர்களுக்கு மனையியல் கைந்நூலும் எழுதினார். எட்டாம் வகுப்பில் மனையியல் பாடத்தை வெறுத்தவர்கள் எம்மில் நிறையப் பேர். அந்தப் பாடத்துக்கும் ஒரு தாய் இருந்தார் என்பதை இப்போதாவது அறிந்துகொள்வோம்.

ஆனால் நாம் அதிகம் நின்று பார்க்க வேண்டிய ஆண்டு 1927. அந்த ஆண்டில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அதில் முன்நின்றவர்களில் மேரி ரட்ணமும் ஒருவர், கண்டியின் ஆக்னஸ் டி சில்வாவும் ஒருவர். அப்போது இலங்கை வந்திருந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன்னால் போய்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று சாட்சி சொன்னார்கள். நாட்டின் பெரிய தலைவர்கள் பலர், சேர் பொன்னம்பலம் இராமநாதன் உட்பட, எல்லோருக்கும் வாக்கு என்பதையே எதிர்த்த வேளை அது. ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் என்று சிபாரிசு செய்தது. 1931இல் வாக்குரிமை வந்தபோது 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே வந்தது.

வாக்குக்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்? 1931க்கு முன் வைத்தியசாலைகள் இல்லாமல் இல்லை. சிவில் வைத்தியத் திணைக்களம் 1858இலேயே இருந்தது. ஆனால் வைத்தியசாலை எந்த ஊருக்கு, எவ்வளவு செலவில் என்பதைத் தீர்மானித்தவர்கள் எங்கள் கிராமத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாக இருக்கவில்லை. வசதியுள்ளவர் கட்டணம் செலுத்த வேண்டும், வறியவருக்கு மட்டும் இலவசம் என்பதே முறை. சர்வசன வாக்குரிமை வந்த பிறகு, அரசாங்க சபைக்குத் தெரிவானவர் அடுத்த தேர்தலில் மீண்டும் அதே வாசலுக்கு வர வேண்டும். அந்த வாசலில் நிற்பவள் வாக்குள்ள ஒரு தாய். ஊருக்கு ஒரு மருந்துச்சாலை, ஒரு பிரசவ விடுதி, ஒரு மருத்துவ மாது என்று கேட்பதற்கு அவளுக்கு ஓர் ஆயுதம் கிடைத்தது.

அந்த ஆயுதம் கிடைத்துச் சில ஆண்டுகளிலேயே சோதனையும் வந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 263 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. கிராமங்களுக்கு வைத்திய வசதி போகவில்லை என்பதை எவராலும் மறைக்க முடியாமல் போனது. அதன் பின்னர் கிராமிய வைத்தியசாலைகள் பெருகின. 1942 முதல் 1947 வரை சுகாதார அமைச்சராக இருந்தவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வா, வாக்குரிமைக்காகச் சாட்சி சொன்ன ஆக்னஸின் கணவர். வீட்டில் இதைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று நாம் சிரித்துக்கொண்டே யோசித்ததுண்டு.

இதற்கிடையில் மேரி ரட்ணம் அரசாங்கம் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கனடாவில் கிராமப் பெண்கள் நடத்திய மாதர் சங்கங்களைப் பார்த்து, 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கினார். கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடிச் சுத்தமான கிணறு, மலசலகூடம், பிள்ளைக்குச் சத்துணவு, கைத்தொழில் ஆகியவற்றைக் கற்றார்கள். நகரத்துப் பெண்மணிகள் வந்து புத்தி சொல்லிவிட்டுப் போகும் சங்கமாக அது நின்றுவிடவில்லை, கிராமத்துக்குக் கிராமம் பரவியது. 1940களில் அதில் சேர்ந்து கிராமம் கிராமமாக நடந்த ஒருவர்தான் பின்னாளில் உலகின் முதல் பெண் பிரதமரான திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க.

1937இல் கொழும்பு மாநகர சபைக்குப் பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து தெரிவானார். அச்சபையின் முதல் பெண் உறுப்பினர் அவரே. சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அந்த ஆசனத்தைப் பறித்தார்கள். குடும்பத் திட்டமிடல் கிளினிக் நடத்தவும் அவர் துணிந்தார், 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் அமைந்தபோதும் உடனிருந்தார். இதை எம் மலரில் எழுதுவதா என்று குழுவில் பேச்சு வந்தது. அவர் செய்ததை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாருடையதோ வாழ்க்கையாகிவிடும். உடன்படாதவர்கள் உடன்படாமலே வாசிக்கலாம்.

இனி எவர் பணம் கொடுத்தார் என்ற கேள்விக்கு வருவோம். 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. அப்போது மேரி ரட்ணத்துக்கு எழுபத்தெட்டு வயது. பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே 1951இல் அங்கே பல்லுக்கும் கண்ணாடிக்கும் காசு வாங்கத் தீர்மானித்ததால் அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனியூரின் பெவன் பதவி விலகினார். அங்கே கட்டணம் புகுந்த ஆண்டில் இங்கே கட்டணம் நீங்கியது. மேரி பிறந்த கனடாவிலோ, எல்லோருக்குமான வைத்தியக் காப்புறுதி முதன்முதலாக சஸ்கச்சுவான் மாகாணத்தில் 1962 ஜூலையில்தான் வந்தது, அதுவும் வைத்தியர்களின் மூன்று வார வேலைநிறுத்தத்தோடு. அவர் காலமானதும் 1962இல்தான்.

இலங்கையில் அந்தப் பணம் தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதியிலிருந்து வந்த வரியில் பெரும்பாலும் தங்கியிருந்தது. இதைச் சொல்லும்போது எமக்கு வெட்கம் வருகிறது. கொழுந்து பறித்து அந்த வருமானத்தை உண்டாக்கிய மலையகப் பெண்ணுக்கு அந்த இலவச வைத்தியம் சரியாகப் போய்ச் சேரவில்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே தோட்டத் தொழிலாளரின் வைத்தியம் தோட்டத்துரைமாரின் பொறுப்பில் விடப்பட்டது. 1948இல் பிரஜாவுரிமையும் 1949இல் வாக்கும் பறிபோயின. தாய்மார் மரணமும் சிசு மரணமும் தோட்டங்களில் நெடுங்காலம் மற்ற இடங்களைவிட அதிகமாகவே இருந்தன. வாக்கு உள்ளவளுக்கு வைத்தியசாலை வந்தது, வாக்கு இல்லாதவள் அதற்குச் செலவு செய்தாள். மேரி ரட்ணம் கேட்ட வாக்கு எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கட்டணம் ஒருமுறை திரும்பியும் வந்தது. 1970களின் தொடக்கத்தில், இடதுசாரிகள் அங்கம் வகித்த அரசாங்கமே வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கியது. சிறிய காசுதான். ஆனாலும் வரும் நோயாளர் தொகை குறைந்தது. 1977இல் அது நீக்கப்பட்டது. அதே ஆண்டில் அரச வைத்தியர்கள் வேலை நேரத்துக்குப் பின் தனியாக வைத்தியம் பார்க்க அனுமதி கிடைத்தது. எம் பிரதான வீதியெங்கும் இன்று சனல் சென்டர்களைக் காண்பதற்கு வழி திறந்தது அங்கேதான். காலையில் வரிசையில் நின்றால் இலவசம், மாலையில் சனல் பண்ணினால் காசு, டொக்டர் ஒருவரே. எம்மில் அநேகர் மாலையில்தான் போகிறோம் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

வசதியுள்ளவரிடம் காசு வாங்கலாமே என்று கேட்ட சகோதரிக்கு இங்கே பதில் சொல்கிறோம். வசதியில்லாதவரும் ஏற்கெனவே கொடுக்கிறார். 2024 தொடக்கத்திலிருந்து வற் வரி 18 வீதம். மருதமுனையில் தறி நெய்கிறவர் வாங்கும் சவர்க்காரத்திலும் அது இருக்கிறது. லண்டனிலுள்ள எம் சகோதரியர் வீசாவுடன் சேர்த்து ஆண்டுக்கு 1,035 பவுண் சுகாதாரக் கட்டணம் செலுத்திவிட்டுத்தான் அங்கே இலவச சிகிச்சை பெறுகிறார்கள். எங்கேயும் எவரோ கொடுக்கத்தான் வேண்டும். சுகதேகியாக இருக்கும்போது எல்லோரும் சேர்ந்து கொடுப்பதா, நோயில் விழுந்த அன்று ஒருத்தி தனியாகக் கொடுப்பதா என்பதே கேள்வி. தனியாகக் கொடுக்க நேர்ந்தால் எங்கள் கரையோரத்தில் என்ன நடக்கும் என்பது தெரியும்: முதலில் போவது உம்மாவின் காப்பு, பிறகு மகளுக்கென்று வைத்திருந்த சங்கிலி.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இதைக் கண்ணால் கண்டோம். வைத்தியசாலையில் ஊசி மருந்து இல்லை, வெளியில் வாங்கி வரச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். எமது சங்கத்தின் வட்ஸ்அப் குழு இரவு பகலாக ஒரு பார்மசி போல இயங்கியது. மெல்பனிலிருந்து ஒருவர், தோஹாவிலிருந்து ஒருவர் என்று அனுப்பினார்கள். அந்த உதவியை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் குழுவில் ஒருவரையும் தெரியாத தாய்க்கு அந்தத் துண்டை எவர் நிரப்பியிருப்பார்?

1930களில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இந்நாட்டில் இறந்தார்கள். இன்று அது நாற்பதுக்கும் குறைவு. எங்கள் மூத்தம்மாமாருக்கு மருத்துவிச்சி வீட்டிலேயே பிள்ளைப்பேறு பார்த்தார், உம்மாமாருக்கு அரசாங்க மருத்துவ மாது கிளினிக் அட்டை எழுதினார், எமக்கு வைத்தியசாலைக் கட்டில் கிடைத்தது. மூன்று தலைமுறைக்குள் இவ்வளவு மாற்றம், அதிகச் செலவில்லாமல்.

1958இல், 85 வயதில், பொதுச் சேவைக்கான மகசேசே விருது மேரி ரட்ணத்துக்குக் கிடைத்தது. ஒரு சாதாரண பிரஜையாக அவர் செய்த தொண்டுக்காகவே அது. சமிதியில் கிணறு வெட்டக் கற்றுக் கொடுத்தவரும் அவரே, ஆணைக்குழுவிடம் போய் வாக்குக் கேட்டவரும் அவரே. எமது கூட்டத்தில் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று நாம் பேசிய இரண்டையும் அவர் ஒரே ஆயுளில் செய்துவிட்டார்.

ஸ்கேன் இயந்திரத்தின் முடிவைக் கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். பாதிப் பணத்தைச் சங்கம் கொடுக்கும். மீதிப் பணத்தையும் இயக்குவதற்கான ஆளணியையும் பராமரிப்புச் செலவையும் அரசாங்கம் எழுத்தில் ஏற்க வேண்டும் என்று தீர்மானித்து, கூட்டத்துக்கு வந்திருந்த எல்லோரும் கையொப்பமிட்டுச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பினோம். மலர் அச்சுக்குப் போகும் இன்று வரை பதில் வரவில்லை. நினைவூட்டல் கடிதம் தயாராக இருக்கிறது. கையொப்பமிட விரும்பும் வெளியூர்ச் சகோதரியர் செயலாளருக்கு அறிவிக்கவும்.