தத்துவ போதக சுவாமிகள்

வைகைக் கரையிலே சங்கம் வளர்த்த மதுரை மாநகரம் சமயவாதங்களுக்குப் புதிதன்று. சமணரும் சைவரும் வைணவரும் தத்தம் கொள்கைகளை நிலைநாட்ட வாதாடிய பழம்பதி அது. அந்நகருக்குக் கி. பி. 1606-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இருபத்தொன்பது வயதுள்ள ஐரோப்பியத் துறவி ஒருவர் வந்து சேர்ந்தார். ராபர்ட் தெ நொபிலி என்பது அவர் இயற்பெயர். தமிழ் மக்கள் அவரைத் தத்துவ போதக சுவாமிகள் என வழங்கினர். நமது மரபினருள் கிறிஸ்து வேதத்தைத் தழுவிய குடும்பங்களும் உள. தழுவாத குடும்பங்களும் உள. இரு திறத்தாரும் ஒரே சங்கத்தில் அமர்ந்து, ஒரே பந்தியில் உண்டு, ஒருவர் இல்ல விசேஷத்துக்கு ஒருவர் செல்கின்றோம். இஃது இயல்பாய் அமைந்ததெனச் சிலர் எண்ணக்கூடும். ஒருவன் தன் குலத்தாரை விட்டு விலகாமலே கிறிஸ்துவின் அடியவன் ஆகலாமா என்னும் கேள்வி இம்மதுரையிலேதான் முதன்முதலாகக் கடுமையாய் எழுந்தது. அக்கேள்வியின் பாரத்தைச் சுமந்தவர் இச்சுவாமிகள். ஆதலின் அவர் சரிதத்தை நம் அன்பர்களுக்குச் சுருக்கியுரைக்க விழைந்தோம்.

சுவாமிகள் 1577-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இத்தாலி தேசத்தில் உயர்குடியொன்றிற் பிறந்தார். அவர் தந்தையார் பாப்பரசரின் சேனையில் தலைவராயிருந்தவர். மூன்றாம் ஜூலியஸ் என்னும் பாப்பரசரும், கல்வியிற் பேர் போன பெல்லார்மின் கர்தினாலும் அவர்களுக்கு உறவினர். செல்வமும் பதவியும் வாயிலில் காத்து நின்ற அக்குடும்பத்தின் தலைமகன் துறவு பூணுவதைச் சுற்றத்தார் எங்ஙனம் பொறுப்பர்? அவர்கள் தடுத்தும் நில்லாது, நேப்பிள்ஸ் நகரத்திற்குச் சென்று சேசு சபையிற் சேர்ந்தார்.

அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் சீடர்களுக்கு வகுத்த தியான முறையை ஈண்டு ஒரு சிறிது விளக்குதல் வேண்டும். அஃதறியாதார்க்குச் சுவாமிகளின் பிற்கால வாழ்வு விளங்காது. நாடோறும் வைகறையில் எழுந்து, சுவிசேஷத்திலுள்ள ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளல் வேண்டும். அதனை ஏட்டில் வாசித்து மூடிவிடுதல் போதாது. அந்நிகழ்ச்சி நடந்த இடத்தை மனத்தே அமைத்து, மாட்டுக் கொட்டிலாயின் அதன் இருளையும், கடற்கரையாயின் அதன் காற்றையும் உணர்ந்து, அங்கே தானும் ஒருவனாய் நின்று, கிறிஸ்துநாதர் பேசுவதைக் கேட்டு, தன் உள்ளத்தில் எழுவதை அவரிடமே சொல்லிக்கொள்ள வேண்டும். நண்பகலிலும் இரவிலும் அன்றைய ஒழுக்கத்தைத் தானே சோதித்தல் வேண்டும். கற்றார்க்கும் கல்லார்க்கும் ஒப்ப இயல்வது இம்முறை.

1604-ம் ஆண்டில் லிஸ்பன் துறைமுகத்திற் கப்பலேறிய சுவாமிகள், வழியிற் கப்பற்சேதமுற்று, அடுத்த ஆண்டு மே மாதத்திற் கோவாவை அடைந்தார். அப்பால் முத்துக்குளித்துறையிற் சில மாதம் தங்கித் தமிழ் பயின்றார். பின்னரே மதுரை வந்தார்.

மதுரையில் அப்போது நாயக்கர் ஆட்சி. அங்கே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் போர்த்துக்கேயக் குருவானவர் 1595-ம் ஆண்டு முதல் ஒரு கோயிலும் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் நடத்தி வந்தார். அவர் முன்னர்ப் போர்வீரராயிருந்தவர், உத்தமர். வியாபார நிமித்தம் கடற்கரையினின்றும் வந்திருந்த பரதவ மக்கள் அவரிடம் வழிபட்டனர். ஆயினும் பதினோராண்டு உழைத்தும் உள்ளூரார் ஒருவரேனும் அவர்பால் ஞானஸ்நானம் பெற்றாரில்லை. காரணம் யாது? நொபிலி சுவாமிகள் இதனை ஆராய்ந்தார். கிறிஸ்தவன் ஆவதெனின் பரங்கிக் குலத்திற் சேர்வது என்றே மக்கள் எண்ணியிருந்தனர். ஞானஸ்நானம் பெற வருவோரைப் பரங்கிக் குலத்திற் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கம் குருமாரிடத்திலேயே இருந்தது! பரங்கி என்றாலோ, ஊன் புசித்து, மது அருந்தி, நீராடாது, யாரோடும் எதனையும் உண்ணும் அந்நியன் என்பதே அக்காலத்தார் கருத்து. வேதத்தை எவரும் மறுக்கவில்லை. வேதம் எதுவென்று கேட்டறியும் நிலைக்கே எவரும் வரவில்லை.

சுவாமிகள் தம்மையே மாற்றிக்கொண்டார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். பாதரட்சைக்குப் பதில் மரக்குறடு பூண்டார். ஊனையும் மதுவையும் அறவே விட்டு, சோறும் காய்கறியும் பாலுமாய் நாளுக்கு ஒரு வேளை உண்டார். மண் சுவர்க் குடிலொன்றில் தனியே வசித்தார். தாம் பரங்கி அல்லர் என்றும், ரோமாபுரியில் உயர்குடியிற் பிறந்த சந்நியாசி என்றும் கேட்டோர்க்கு அறிவித்தார். சிலுவை கோத்த முப்புரிநூலையும் சில காலம் தரித்திருந்தார். இது வேஷமன்றோ என்று வினவுவாரும் உளர். வேஷம் போடுவோன் திரைக்குப் பின்னே அதனைக் கழற்றி விடுவான். சுவாமிகளோ அவ்வுணவையும் எளிமையையும் சாகுமளவும் விட்டிலர்.

முதலில் வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் தமிழ் கற்பிக்க வந்தவர். வந்த இடத்தில் வாதம் மூண்டது. இருபது நாள், நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரம், கடவுள் ஒருவரா பலரா, உலகம் எதிலிருந்து தோன்றிற்று, உயிர் மறுபிறவி எடுக்குமா என்று இருவரும் தர்க்கித்தனர். ஈற்றில் ஆசிரியர் ஞானஸ்நானம் பெற்று அல்பர்ட் என்னும் பெயர் பூண்டார். அடுத்து, சிவதருமர் என்னும் அந்தணர் சுவாமிகளுக்கு வடமொழி கற்பித்தார். வேதங்களையும் உபநிடதங்களையும் ஓர் ஐரோப்பியர் மூலமொழியிற் கற்றது இதுவே முதல் என்பர் ஆராய்ச்சியாளர். சிவதருமரும் 1609-ம் ஆண்டிற் கிறிஸ்தவரானார். குடுமியையும் பூணூலையும் சந்தனப் பொட்டையும் அவர்கள் விட்டொழிக்க வேண்டுமெனச் சுவாமிகள் கட்டாயப்படுத்தினாரில்லை. இவை ஊர் வழக்கமும் குல வழக்கமுமேயன்றி வழிபாடாகா என்பது அவர் துணிபு.

அக்காலத்தில் தமிழில் வேதாகமம் அச்சாகவில்லை. தரங்கம்பாடியிற் புதிய ஏற்பாடு அச்சேறியது 1715-ம் ஆண்டிலேதான். அதற்கு நூறாண்டு முற்பட்டவர் சுவாமிகள். ஆதலின் சீடர்கள் வேத வாக்கியத்தைக் குருவின் வாயாற் கேட்டு, மனத்திற் பதித்து, வீட்டிற்குச் சென்று சிந்தித்தனர். இன்று நம் இல்லங்களில் மாடப்பிறையிலும் அலமாரியிலும் வேதாகமம் இருக்கின்றது. தூசி தட்டாது கிடக்கும் பிரதிகளும் உண்டென்பதை யாம் சொல்லாமலே அன்பர்கள் அறிவர்.

நிற்க. இனிச் சுவாமிகளுக்கு நேர்ந்த துன்பம் அயலாரால் வந்ததன்று. சொந்த வீட்டிலிருந்தே வந்தது. அருகே வசித்த பெர்னாந்தஸ் குருவானவரே 1610-ம் ஆண்டில் மேலோர்க்கு முறையீடு விடுத்தார். புறமதத்தாரின் சின்னங்களைத் தரித்து மெய்வேதத்தைக் கெடுக்கின்றார் என்பது குற்றச்சாட்டு. செய்தி கோவாவுக்குச் சென்றது, ரோமாபுரிக்கும் எட்டிற்று. உறவினராகிய பெல்லார்மின் கர்தினாலும் தவறான செய்தியைக் கேட்டு வருந்திக் கடிதம் விடுத்தார். பன்னிரண்டாண்டுக்கு மேல் நீண்டது இவ்வழக்கு. சுவாமிகள் ஒரு முறையேனும் கீழ்ப்படிதலை மீறினாரில்லை. தம் கொள்கையை விட்டுக்கொடுத்தாருமில்லை. அமைதியாய் இருந்து, சாஸ்திரப் பிரமாணங்களைத் திரட்டி, இலத்தீன் மொழியில் விரிவான சமாதானங்கள் வரைந்தார். பெல்லார்மின் அவற்றைப் படித்தபின் அவர் பக்கம் சார்ந்தார். 1619-ம் ஆண்டிற் கோவாவிற் கூடிய சபையில் அங்குள்ள அதிமேற்றிராணியார் எதிர்த்தார். கொடுங்கல்லூர் மேற்றிராணியார் ஆதரித்தார். முடிவில் 1623-ம் ஆண்டு ஜனவரி 31-ம் நாள் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் தீர்ப்பளித்தார். குடுமி, பூணூல், சந்தனம், ஸ்நானம் ஆகியவற்றை, வழிபாட்டுக் கருத்து நீக்கி, இந்தியக் கிறிஸ்தவர் கைக்கொள்ளலாம் என அனுமதி கிடைத்தது.

தம்மவரே தம்மைச் சந்தேகித்த அவ்வாண்டுகளில் ஒரு மனிதன் உள்ளம் உடையாதிருந்தது எவ்வாறு? நாட்பட்ட பழக்கமே என்று யாம் கருதுகின்றோம். வைகறைதோறும் சுவிசேஷக் காட்சியுள் நின்றவர், சொந்த ஜனத்தாரிடமே வந்து அவர்களால் ஏற்றுக்கொள்ளப்படாத ஆண்டவரை நாள்தோறும் கண்டவர். தமக்கு நேர்ந்தது அவருக்குப் புதிதாய்த் தோன்றியிராது.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் தகாது. சுவாமிகளின் முறையால் உயர்குலத்தார்க்கு வாயில் திறந்தது. திறந்த அவ்வாயிலே ஒரு சுவரையும் எழுப்பிற்று. உயர்ந்தோரெனப்பட்டாரோடு பழகும் சந்நியாசி, தாழ்ந்தோரெனப்பட்டாரோடு வெளிப்படையாய்ப் பழகுதல் இயலாதாயிற்று. இதனைத் தீர்க்கவே 1640-ம் ஆண்டையொட்டிப் பண்டாரசுவாமிகள் என்னும் வேறொரு குருமார் வகுப்பு ஏற்பட்டது. அவர்கள் எல்லாக் குலத்தாரிடமும் சென்றனர்; ஏழை எளியோர் ஆயிரக்கணக்கில் வேதத்திற் சேர்ந்ததும் அவர்களாலேயே. ஆயினும் கோயிலினுள் இருவேறு இடமும், கல்லறையில் இருவேறு வரிசையும் பிற்காலத்தே தமிழ்நாட்டுப் பல ஊர்களில் நிலைத்தமைக்கு இப்பிரிவினையும் ஒரு காரணமாயிற்று. குலவழக்கம் வேறு, குலச்செருக்கு வேறு என்று சுவாமிகள் பிரித்தறிந்திருக்கலாம், பின்வந்தோர் பிரித்தறிந்திலர். குலத்தின் பெயராற் கூடும் நம்போன்ற சங்கத்தார் இதனை வாசித்துக் கடந்து செல்லலாகாது. நம் முன்னோர் தமக்கெனப் பெற்ற மரியாதையைப் பிறர்க்கு மறுத்த ஊர்கள் இல்லையென்று யாரே துணிந்து சொல்லவல்லார்?

தீர்ப்புப் பெற்றபின் சுவாமிகள் மதுரையோடு அமையாது வடக்கு நோக்கிக் கால்நடையாய்ச் சென்று திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம், சேலம் முதலிய இடங்களிற் போதித்தார். திருமலை நாயக்கர் ஆட்சிக்காலத்தில், 1640-ம் ஆண்டில், மதுரையில் அவர் சிறைப்பட்டார். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். பொருள்கள் கவரப்பட்டன. அடுத்த ஆண்டில் விடுதலை கிடைத்தது. மீண்டும் பழைய பணியையே தொடர்ந்தார்.

தமிழுக்கு அவர் செய்த உதவி தனியே எழுதத்தக்கது. ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம், புனர்ஜென்ம ஆட்சேபம் முதலிய உரைநடை நூல்கள் அவருடையன. வடசொற்கள் மிக்கிருப்பினும், செய்யுளே நூலெனக் கருதப்பட்ட காலத்தில் உரைநடையில் நுண்ணிய தத்துவத்தை வாதிட்டுக் காட்டியது அருஞ்செயல். அவருக்கு முன் கடற்கரைக் குருமார் பல சொற்களைப் போர்த்துக்கேய மொழியிலேயே வழங்கினர்; கோயில், பூசை, குரு, வேதம், பிரசாதம் என நம்மவர் அறிந்த சொற்களைக் கிறிஸ்தவ வழக்கிற் கொணர்ந்தவர் இவரே. தாயின் மடியிற் கேட்ட சொல்லால் ஜெபித்தாலன்றி மனம் ஆறுதல் பெறுமா? பிற்காலத்தே பிரான்சு தேசத்து வால்தேர் என்னும் அறிஞர் கையிற் சிக்கி மேனாட்டில் ஆரவாரம் விளைத்த எசூர்வேதம் என்ற போலி நூலை இவர் தலையில் ஏற்றினாரும் உளர். அப்பழி ஆதாரமற்றதென்று ஆராய்ச்சியாளர் நிறுவிவிட்டனர்.

முதுமையில் மேலோர் கட்டளையால் மதுரையை விட்டு யாழ்ப்பாணத்திற் சில காலம் தங்கினார். பின்னர் மயிலாப்பூர் வந்தார். பார்வை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஊருக்குப் புறம்பே ஒரு குடிலில், மதுரையில் மேற்கொண்ட அதே மரக்கறி உணவுடன், சீடர் சிலர் துணையாயிருக்க வாழ்ந்தார். கண்ணால் ஏட்டை வாசித்தல் இயலாத நிலையிலும் தியானம் நின்றதன்று. அதற்குக் கண் வேண்டுவதில்லையே. ஐம்பதாண்டு நாள்தோறும் மனத்தில் எழுதிய ஏடு உள்ளே இருந்தது. தாம் இயற்றிய நூல்களைப் பிறர் வாசிக்கக் கேட்டு, சொல்லிச் சொல்லித் திருத்துவித்தார். 1656-ம் ஆண்டு ஜனவரி 16-ம் நாள் தமது எழுபத்தெட்டாம் வயதில் அங்கேயே உயிர் நீத்தார்.

அவர் நூல்கள் நெடுங்காலம் ஏட்டுப் பிரதிகளாயும் சிதறிய பழம்பதிப்புகளாயும் கிடந்தன. 1960-ம் ஆண்டுகளில் சேசு சபையைச் சார்ந்த இராசமாணிக்கம் அடிகளார் அவற்றைத் தேடித் தொகுத்துத் தூத்துக்குடியில் அச்சிட்டு வெளியிட்டார். மதுரை மண்குடிலில் எழுதத் தொடங்கி மயிலாப்பூர்க் குடிலில் இருட்கண்ணோடு திருத்திய அவ்வுரைநடை, முந்நூறாண்டு கழிந்து, தமிழர் கைக்கு மீண்டும் வந்தது.