ஹார்பருக்கு வந்த வானிலைக்காரர்

நம்ம ஹார்பர் என்றதும் ராமானுஜன் ஞாபகம் வரும். 1913 பிப்ரவரியில் அந்த முப்பது ரூபாய் குமாஸ்தாவின் கணக்குகளை, போர்ட் டிரஸ்ட் தலைவரான இன்ஜினீயர் ஸ்பிரிங், சென்னை வந்திருந்த ஒருவரிடம் காட்டினார். பார்த்தவர் சும்மா போகவில்லை. மறுநாளே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அவர்தான் கில்பர்ட் வாக்கர்.

1868-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணக்கில் முதலிடம். வானிலை படித்ததே இல்லை! இருந்தும் 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவரானார். 1899-ல் மழை பொய்த்து, பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்ட நாடு. இனி எந்த வருஷம் பொய்க்கும்னு முன்கூட்டியே சொல்லணும். கம்ப்யூட்டர் ஏது? பல தேசத்துக் காற்றழுத்தம், மழை அளவுகளையெல்லாம் குமாஸ்தாக்கள் கையாலேயே கணக்குப் போட்டார்கள். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது என்று தெரிந்தது. அதற்குத் தெற்கத்திய அலைவு என்று பெயர் வைத்தார். எல் நினோவோடு அதைச் சேர்த்துப் பார்த்தது பிற்காலத்தில்.

ஆனா மழையை மட்டும் அடித்துச் சொல்ல முடியவில்லை. 1924-ல் ஊருக்குத் திரும்பினார். மனுஷன் விடவில்லை. இன்றைய ரீடிங் முந்தைய ரீடிங்குகளைப் பொறுத்தது என்றால், எதற்கு எவ்வளவு பங்கு? 1927-ல் யூல் தொடங்கிய இந்தக் கணக்கை 1931-ல் விரித்தார். அதுதான் யூல்-வாக்கர் சமன்பாடு. இப்போ பேயீசியன் முறையில், அந்தப் பங்குகளுக்கு முதலில் ஓர் உத்தேசம் வைத்துக்கொண்டு, ரீடிங் வர வரத் திருத்துகிறார்கள்.

வாக்கர் 1958-ல் தொண்ணூறாவது வயதில் காலமானார். நம்ம குமாஸ்தா 1920-லேயே, 32 வயதில் போய்விட்டார்.