மூலைக்கல்: அலெக்ஸாந்தர் ஸ்டீவன்ஸின் வாழ்க்கை

அமெரிக்க ஐக்கிய நாட்டினின்றும் தென்மாகாணங்கள் பிரிந்தது எற்றுக்கு என்னும் வினாவிற்குப் பலரும் பலவாறு விடை கூறுவர். மாகாணங்களின் உரிமையைக் காத்தற்கு என்பார் சிலர். சுங்க வரியின் பொருட்டு என்பார் வேறு சிலர். அப்பிரிவினையில் முன்னின்ற ஒருவரது வாழ்க்கையையே உரைகல்லாகக் கொண்டு அவ்விடைகளை ஈண்டு ஆராய்வோம். அவர் அலெக்ஸாந்தர் ஸ்டீவன்ஸ் என்பவர்.

இவர் 1812-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாகாணத்தில் ஓர் எளிய குடியிற் பிறந்தார். பிறந்த சில திங்களுள் தாயையும், பதினான்காம் வயதில் தந்தையையும் இழந்தார். பிணி நீங்காத மெலிந்த உடலினர். வளர்ந்த பின்னும் சுமார் 100 ராத்தல் நிறையே உடையவர். அறிவிற் சிறந்த இவ்வனாதைச் சிறுவனைக் குருத்தொழிலுக்கு ஆளாக்கக் கருதிய பிரஸ்பிடேரியன் சபையார், தம் பொருட்செலவிற் கற்பித்தனர். 1832-இல் பிராங்ளின் கல்லூரியில் முதல் மாணாக்கராய்த் தேறினார். பின்னர்க் குருத்தொழிலை விடுத்து வழக்கறிஞரான அவர், சபையார் செலவிட்ட பொருளைத் திருப்பிக் கொடுத்தார். கடனை இத்துணை நேர்மையாக உணர்ந்த அவரே பிற்காலத்தில் 30-க்கு மேற்பட்ட அடிமைகளுக்கு உடையவரானார். அவ்வேழைகளின் உழைப்பிற்குத் தாம் பட்ட கடனை மட்டும் அவர் கணக்கிட்டிலர்.

1843 முதல் 1859 வரை ஸ்டீவன்ஸ் காங்கிரஸ் சபையில் அங்கத்தினராய் இருந்தார். ஆங்கு ஆபிரகாம் லிங்கனும் அவரும் ஒரே கட்சியினராய்ப் பழகினர். மெக்ஸிக்கோப் போரைக் கண்டித்து 1848-இல் ஸ்டீவன்ஸ் ஆற்றிய சொற்பொழிவு லிங்கனது உள்ளத்தை மிகவும் உருக்கியது.

1860-இல் லிங்கன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமை முறை நிலவிய மாகாணங்களில் அதனைத் தொடாது விடுவதும், புதிய நிலப்பகுதிகளில் அது பரவாது தடுப்பதுமே அவர் கட்சியின் கொள்கை. அக்காலத்து அடிமைகள் சுமார் 40 லட்சம் பேர். அவர்களே தென்னாட்டுச் செல்வரின் பெருஞ்சொத்து. பரவுதற்கு இடமின்றேல் அம்முறை நாளடைவில் நலியும், காங்கிரஸ் சபையில் தம் வலியும் குன்றும் என அச்செல்வர் அஞ்சினர். ஸ்டீவன்ஸோ, அரசியல் சட்டத்தின் நிழலிலேயே அடிமை முறைக்குக் காவல் உண்டு, ஆதலின் பொறுத்திருப்போம் என வாதித்தார். லிங்கனும் அவருக்குக் கடிதம் எழுதி, அடிமை முறை நன்றென்று தென்னாட்டாரும் தீதென்று வடநாட்டாரும் கருதுவதொன்றே தம்முள் நிற்கும் வேற்றுமை எனக் குறித்தார்.

1860 டிஸம்பர் 20-இல் தென் கரோலினா பிரிந்தது. தப்பியோடும் அடிமைகளை வடமாகாணங்கள் பிடித்துத் தருவதில்லை என்பது அதன் குறைகளுள் தலையாயது. மாகாண உரிமையே நோக்கமாயின், வடமாகாணங்கள் தம் விருப்பப்படி நடத்தலை அது குறைகூறுவானேன்? 1861 ஜனவரி 19-இல் ஜார்ஜியாவும் பிரியத் துணிந்தது. ஸ்டீவன்ஸ் எதிர்த்து வாக்களித்தார். தோற்றபின் பிரிவினைப் பத்திரத்திற் கையொப்பமிட்டார். பிப்ரவரியில் புதிய கூட்டரசின் உபதலைவருமானார்.

அவ்வாண்டு மார்ச்சு 21-இல் ஸவானா நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவு மறக்கற்பாலதன்று. பழைய அரசை அமைத்த பெரியோர் அடிமை முறையைத் தீதென எண்ணிப் பிழைத்தனர் என்றார். வெள்ளையருக்கு நீக்ரோவர் நிகரல்லர், அடிமைத்தனமே அவர்க்கு இயல்பு என்னும் உண்மையே புதிய அரசின் மூலைக்கல் என்றார். கானான் மீதிட்ட சாபத்தைத் துணைக்கழைத்தார். கட்டுவோர் தள்ளிய கல்லைப் பற்றிய வேதவாக்கையும் அதற்குப் பொருத்தினார். கிறிஸ்து பெருமானுக்குத் திருச்சபை உரிமையாக்கிய உவமையை அடிமை விலங்குக்குச் சூட்டியவர், குருத்தொழிலுக்கென்றே சபையார் வளர்த்த மாணாக்கர்!

போர் நான்கு ஆண்டுகள் நிகழ்ந்தது. 1865 பிப்ரவரியில் ஒரு நீராவிக் கப்பலில் பழைய நண்பரிருவரும் சந்தித்துப் பேசியும் சமாதானம் கைகூடவில்லை. மே மாதம் ஸ்டீவன்ஸ் சிறைப்பட்டு, பாஸ்டன் துறைமுகக் கோட்டையில் ஐந்து திங்கள் இருந்தார். டிஸம்பரில் அடிமை முறை நாடெங்கும் சட்டத்தால் ஒழிந்தது. பின்னர் அவர் இரு பெருநூல் எழுதி, போர் மாகாண உரிமை பற்றியதே என வாதாடினார். ஸவானாச் சொற்பொழிவை நிருபர்கள் செவ்வனே குறித்திலர் என்றும் உரைத்தார். மீண்டும் காங்கிரஸில் அமர்ந்து, 1883-இல் ஜார்ஜியாவின் கவர்னராய் இருக்கையில் இறந்தார்.

வெற்றியை நம்பிய நாளில் தடையின்றிக் கூறிய காரணத்தையோ, தோல்விக்குப்பின் தேடியெடுத்த காரணத்தையோ, எதனை நாம் நம்புவது? முன்னதே மெய்யென்பது நம் துணிபு. அறிவின்மையால் அவர் வழுவினாரல்லர். கல்வியும் நாவன்மையும் நேர்மையும் உடையராயிருந்தே வழுவினார். திருமறையை ஓதிப் பட்டம் பெறவிருக்கும் நாமும், நமக்கு ஊதியம் தரும் அநீதி எதற்கேனும் அம்மறையிலிருந்து கல் பெயர்த்துக் கொடுக்கின்றோமோ என நம்மை நாமே வினவுதல் கடனாகும்.