ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்

சர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் (ஆகஸ்ட் 13, 1819 – பெப்ரவரி 1, 1903) அயர்லாந்தில் பிறந்த கணிதவியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். நீர், காற்று முதலிய பாய்மங்களின் ஊடே செல்லும் திண்மப் பொருள்கள் எதிர்கொள்ளும் தடையை, பாய்மத்தின் உள் உராய்வைக் கொண்டு கணித்துக் காட்டியவர். ஸ்டோக்ஸ் விதி இவரது பெயரால் வழங்குகிறது.

வாழ்க்கை

ஸ்டோக்ஸ் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்திலுள்ள ஸ்கிரீன் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை அவ்வூரின் சமயகுரு ஆவார். 1837 இல் கேம்பிரிட்ஜின் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்து, 1841 இல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். முன்னர் நியூட்டன் வகித்த லூக்காசியப் பேராசிரியர் பதவியை 1849 இல் ஏற்று, இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். 1885 முதல் 1890 வரை அரச கழகத்தின் தலைவராகவும் விளங்கினார்.

பாய்மத்தில் திண்மங்களின் இயக்கம்

உராய்வற்ற பாய்மத்தில் சீரான வேகத்தில் செல்லும் பொருளுக்குத் தடையே இராது என்பது 18 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் தாலம்பேர் கண்ட முடிவு. இது அனுபவத்துக்கு நேர்மாறானது. பாகுநிலை எனப்படும் உள் உராய்வைச் சேர்த்து 1822 இல் நேவியர் சமன்பாடுகளை அமைத்தார். 1845 இல் ஸ்டோக்ஸ் அவற்றை வேறு வழியில் தாமே தருவித்தார். அவை இன்று நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் எனப்படுகின்றன.

அக்காலத்தில் புவியீர்ப்பை அளக்க ஊசல்கள் பயன்பட்டன. காற்றின் தடை ஊசலின் அலைவு நேரத்தை மாற்றியதால் அளவீடுகளில் பிழை நேர்ந்தது. இதனைத் திருத்த முனைந்த ஸ்டோக்ஸ், 1850 இல் அளித்த ஆய்வுரையில் மெதுவாகச் செல்லும் சிறு கோளத்தின் மீதான தடையையும் கணித்தார். பாகியல் எண், கோளத்தின் ஆரம், திசைவேகம் ஆகியவற்றின் பெருக்கற்பலனை 6 பை என்னும் மாறிலியால் பெருக்கினால் அத்தடை கிடைக்கும்.

விழும் துளியின் எடை ஆரத்தின் மும்மடிக்கும், தடை ஆரத்துக்கும் நேர்விகிதத்தில் உள்ளன. எனவே முற்றுத் திசைவேகம் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. ஆரம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகக் குறையும். மேகத்தின் நுண்துளிகள் விழாமல் நிற்பதுபோல் தோன்றுவதை ஸ்டோக்ஸ் இவ்வாறே விளக்கினார்.

வரம்பும் பயனும்

பெரிய மழைத்துளி போன்று விரைந்து விழுவனவற்றுக்கு இவ்விதி பொருந்தாது. முடிவிலா நீளமுள்ள உருளைக்கு இம்முறையில் தீர்வு கிடைக்காது என்பதை ஸ்டோக்சே கண்டார். இது ஸ்டோக்ஸ் முரண்பாடு எனப்படும். புறக்கணிக்கப்பட்ட நிலைமத்தின் பங்கைச் சேர்த்து 1910 இல் ஒசீன் இதற்குத் தீர்வு கண்டார்.

ஸ்டோக்ஸ் 1903 இல் கேம்பிரிட்ஜில் காலமானார். சில ஆண்டுகளுக்குப் பின்னர் மில்லிகன், இவ்விதியைச் சிறு திருத்தத்துடன் எண்ணெய்த் துளிகளுக்குப் பயன்படுத்தி எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தார்.