ஒரு கோல்... 50 வருஷ தண்டனை! பிரேசில் மன்னிக்க மறுத்த கோல்கீப்பர் பார்போசாவின் கதை

ஃபுட்பால் ரசிகர்கள்கிட்ட ஜெயிச்ச மேட்ச் பத்திக் கேட்டுப் பாருங்க... ஸ்கோரையே கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்வாங்க. தோத்த மேட்ச் பத்திக் கேட்டா, எந்த நிமிஷம், யார் பாஸ் கொடுத்தது, யார் கோட்டைவிட்டதுன்னு எல்லாமே சொல்வாங்க. கோப்பையைவிடக் காயம்தான் ஞாபகத்துல அதிக நாள் தங்கும்போல!

அஞ்சு முறை உலகக்கோப்பை ஜெயிச்ச பிரேசிலுக்கும் அப்படி ஒரு காயம் இருக்கு. 1950 ஜூலை 16-ல் பட்ட காயம் அது. அந்தக் காயத்துக்கு மொத்த நாடும் சேர்ந்து ஒரு பேர் வெச்சது. அந்தப் பேர், மோவாசிர் பார்போசா.

யார் இந்த பார்போசா?

1921 மார்ச் 27-ம் தேதி, சாவ் பாலோ மாநிலத்துல இருக்கிற கம்பினாஸ் நகரத்துல பிறந்தவர். கறுப்பினக் குடும்பம். பிரேசில்ல அடிமை முறையைச் சட்டப்படி ஒழிச்சது 1888-ல்தான். அதாவது, இவர் பிறக்கிறதுக்கு வெறும் 33 வருஷம் முன்னாடி. அந்தக் காலத்துல ஏழை வீட்டுப் பையன் ஒருத்தன் நாடு முழுக்கப் பேர் வாங்கணும்னா, இருந்த ஒருசில வழிகள்ல ஃபுட்பாலும் ஒண்ணு.

சாவ் பாலோவின் இபிரங்கா கிளப்ல ஆடிட்டு இருந்தவரை, 1945-ல் ரியோ டி ஜெனிரோவின் வாஸ்கோ டகாமா கிளப் கூட்டிட்டு வந்தது. வாஸ்கோவுக்குன்னு ஒரு வரலாறு இருக்கு. பணக்கார வெள்ளையர் கிளப்களுக்கு நடுவுல, கறுப்பின, தொழிலாளி வர்க்கத்து ஆட்டக்காரர்களை வெச்சு 1923-லயே ரியோ சாம்பியன் ஆன கிளப் அது. பார்போசா அங்கே பொருந்திப்போனதுல ஆச்சர்யமே இல்லை.

கையில கிளவுஸ் போடாமதான் கோல்கம்பத்துக்கு முன்னாடி நிற்பார். பந்தை விரல்ல உணரணும்ங்கிறது அவரோட பாணி. பாயறதுல வேகம், பதற்றமே இல்லாத முகம். 1948-ல் சிலியில் நடந்த தென் அமெரிக்க சாம்பியன் கிளப்களுக்கான போட்டியில வாஸ்கோ ஒரு மேட்ச்கூடத் தோற்காம கோப்பையைத் தூக்கினப்போ, கோல்கீப்பர் இவர்தான். அந்தத் தொடர்ல, இளம் டி ஸ்டெஃபானோ ஆடின அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டையே கோல் அடிக்கவிடாம 0-0 டிரா செஞ்சாங்க. அடுத்த வருஷம் பிரேசில் அணிக்காகத் தென் அமெரிக்க சாம்பியன்ஷிப்பையும் ஜெயிச்சார். அந்தத் தொடர்ல பிரேசில்கிட்ட 5-1-னு உதை வாங்கின அணி எது தெரியுமா? உருகுவே!

1950-ல் உலகக்கோப்பை பிரேசிலுக்கே வந்தப்போ, கோல்கீப்பர் யாருங்கிற கேள்வியே எழலை.

கோப்பை கையில... கிட்டத்தட்ட!

இந்தியா தகுதி பெற்றும் போகாம விட்டுச்சே, அதே உலகக்கோப்பைதான் இது. அதுல இன்னொரு விசேஷமும் உண்டு. இறுதிப்போட்டின்னு தனியா ஒண்ணு கிடையாது. கடைசி நாலு அணிகளும் ஒருத்தரோட ஒருத்தர் மோதணும், அதிகப் புள்ளி எடுக்கிற அணிக்குக் கோப்பை.

பிரேசில் முதல்ல ஸ்வீடனை 7-1-னு நொறுக்குச்சு. அப்புறம் ஸ்பெயினை 6-1. இன்னொரு பக்கம் உருகுவே, ஸ்பெயினோட 2-2 டிரா, ஸ்வீடனைத் தட்டுத்தடுமாறி 3-2-னு ஜெயிச்சு வந்திருந்தது. கடைசி மேட்ச், பிரேசில் - உருகுவே. பிரேசில் ஜெயிக்கணும்னுகூட இல்லை, டிரா செஞ்சாலே உலக சாம்பியன்!

அதுக்கு அப்புறம் நடந்ததெல்லாம், திருஷ்டி படும்னு நம்ம பாட்டிகள் தடுத்திருக்கக்கூடிய வேலைகள். மேட்ச் நடக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பத்திரிகை, பிரேசில் அணியோட போட்டோவைப் போட்டு உலக சாம்பியன்னு அச்சடிச்சுட்டது. மைதானத்துலயே ரியோ மேயர் வீரர்களை வெற்றியாளர்கள்னு வாழ்த்திப் பேசினார். உருகுவே கேப்டன் வரேலா அந்தப் பத்திரிகையை வாங்கிட்டு வந்து, சக வீரர்களுக்குக் காட்டி ரோஷம் ஏத்தினதா சொல்வாங்க.

உலகக்கோப்பைக்காகவே கட்டின மரக்கானா ஸ்டேடியத்துல டிக்கெட் வாங்கி உள்ளே போனவங்க மட்டும் 1,73,850 பேர். மொத்தக் கூட்டம் 2 லட்சத்தைத் தொட்டிருக்கும்கிறாங்க. அப்போதைய ரியோ மக்கள்ல பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒருத்தர் அந்த ஒரே கட்டடத்துக்குள்ள இருந்தாங்கன்னு வெச்சுக்கோங்களேன்.

முதல் பாதி 0-0. இரண்டாவது பாதி தொடங்கின இரண்டாவது நிமிஷமே பிரேசிலின் ஃபிரியாசா கோல் அடிச்சார். ஸ்டேடியம் வெடிச்சது. 66-வது நிமிஷம், உருகுவேயின் கிஜ்ஜியா வலது ஓரமா ஓடிவந்து பந்தை நடுவுக்குத் தள்ள, ஷியாஃபினோ அதைக் கோலாக்கினார். 1-1. இப்பவும் பிரேசில்தான் சாம்பியன். ஆனா, கூட்டத்தோட சத்தம் குறைஞ்சுபோச்சு.

79-வது நிமிஷம். மறுபடியும் கிஜ்ஜியா. மறுபடியும் அதே வலது ஓரம். தடுக்கவேண்டிய பிகோடேவைத் தாண்டியாச்சு. போன தடவை மாதிரியே நடுவுலதான் தள்ளுவார்னு கணிச்ச பார்போசா, அந்தப் பக்கமா ஒரு அடி நகர்ந்தார். எந்த கோல்கீப்பரும் எடுக்கக்கூடிய முடிவுதான். ஆனா, கிஜ்ஜியா நேரா கோலுக்கே அடிச்சுட்டார். பார்போசாவுக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவுல இருந்த சின்ன இடைவெளியில பந்து புகுந்தது. பார்போசா திரும்பிப் பாய்ந்தார். விரல்ல பந்து பட்ட மாதிரி இருந்தது, வெளியே தள்ளிட்டோம்னுதான் நினைச்சாராம். ஸ்டேடியத்தோட அமைதியைக் கேட்ட பிறகுதான், திரும்பி வலையைப் பார்த்திருக்கார்.

உருகுவே 2, பிரேசில் 1.

ஃபிஃபா தலைவர் ஜூல்ஸ் ரிமே, 1-1-னு இருந்தப்போவே பரிசு கொடுக்கக் கீழே இறங்க ஆரம்பிச்சிருந்தார். பிரேசிலைப் பாராட்டிப் போர்ச்சுகீசிய மொழியில ஒரு உரைகூட அவர்கிட்ட தயாரா இருந்தது. மைதானத்துக்கு வந்து பார்த்தா, விழாவும் இல்லை, வரிசையும் இல்லை. கூட்டத்துக்கு நடுவுல வரேலாவைத் தேடிப் பிடிச்சு, கோப்பையைக் கையில கொடுத்துட்டு நகர்ந்துட்டார்.

பழி யார் மேல?

அன்னிக்கு பவுரு நகரத்துல ரேடியோ பக்கத்துல அழுத அப்பாவைப் பார்த்து, நான் உனக்கு உலகக்கோப்பை வாங்கித் தர்றேன்னு ஒரு 9 வயசுப் பையன் சத்தியம் பண்ணினான். அவன்தான் பீலே. எட்டே வருஷத்துல சொன்னதைச் செஞ்சும் காட்டினார்.

நாட்டுக்கு அது போதலை. அதுவரை பிரேசில் போட்டுட்டு இருந்த வெள்ளை ஜெர்சியே ராசியில்லைன்னு தூக்கிப் போட்டாங்க. புது ஜெர்சிக்கு 1953-ல் பத்திரிகையில போட்டி வெச்சாங்க. இன்னிக்கு உலகமே அடையாளம் காணும் அந்த மஞ்சள் ஜெர்சி அப்படி வந்ததுதான். அதை வடிவமைச்சவர் 19 வயசு இளைஞர் அல்டிர் ஷ்லீ. உருகுவே எல்லையை ஒட்டின ஊர்க்காரர். வேடிக்கை என்னன்னா, அவர் உருகுவே அணியோட ரசிகர்!

ஜெர்சி மேல பழி போட்டா அதுக்கு வலிக்காது. மனுஷங்க மேலயும் போட்டாங்களே, அங்கதான் பிரச்னை. பதினோரு பேர் ஆடின மேட்ச்ல பழி வந்து விழுந்தது முக்கியமா மூணு பேர் மேல. பிகோடே, ஜுவெனால், பார்போசா. மூணு பேரும் கறுப்பினத்தவர்கள். ஸ்வீடனுக்கும் ஸ்பெயினுக்கும் எதிரா 13 கோல் அடிச்ச முன்வரிசை, அன்னிக்கு ஒரே ஒரு கோலோட நின்னது ஏன்னு கேட்டவங்க குறைவு. அதுல பார்போசாவுக்குக் கிடைச்சதுதான் ரொம்பப் பெரிய பங்கு. கறுப்பின கோல்கீப்பரை நம்ப முடியாதுங்கிற மோசமான பேச்சும் கிளம்பி, பல வருஷம் ஓடுச்சு. 2006 உலகக்கோப்பையில டிடா பிரேசில் கோல்கீப்பரா நின்னப்போகூட, பார்போசா பேரையும் சேர்த்தே இழுத்தாங்க.

ஆட்டக்காரரா பார்போசா ஒண்ணும் உடைஞ்சு போயிடலை. 1951-ல் வாஸ்கோ அணி உருகுவேக்கே போய், கிஜ்ஜியாவும் ஷியாஃபினோவும் ஆடின பெனரோல் கிளப்பை 3-0-னு ஜெயிச்சது. கோல் கம்பத்துல நின்னவர் பார்போசா. ரியோ சாம்பியன் பட்டம் மட்டும் வாஸ்கோவோட ஆறு தடவை. ஆனா, 1950-க்கு அப்புறம் பிரேசில் ஜெர்சி அவருக்குக் கிடைச்சது ஒரே ஒரு மேட்ச்ல, 1953-ல். அதே வருஷம் கால் முறிஞ்சதால, 1954 உலகக்கோப்பைக் கதவும் மூடிடுச்சு. அப்படியும் 41 வயசு வரைக்கும் ஆடிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

அதே இடத்துல வேலை!

ஓய்வுக்கு அப்புறம் அவருக்கு வேலை கிடைச்ச இடம் எது தெரியுமா? அதே மரக்கானா வளாகம். எந்த இடத்துல வாழ்க்கை தலைகீழா ஆச்சோ, அங்கேயே தினமும் வேலைக்குப் போய்ட்டு வந்தார். அங்கே பழைய மரக் கோல்கம்பங்களை மாத்தினப்போ, அதை அவருக்கே கொடுத்தாங்களாம். வீட்டுக்குக் கொண்டுபோய், நண்பர்களைக் கூப்பிட்டு, அதை விறகாக்கி இறைச்சி சுட்டு விருந்து வெச்சார்ங்கிறது பிரபலமான கதை. எரிச்சது நிஜமா அதே கம்பங்கள்தானாங்கிறதுல ஆளுக்கு ஒரு பதில். ஆனா, பிரேசில்ல இந்தக் கதை தெரியாத ஃபுட்பால் ரசிகரைப் பார்க்கிறது கஷ்டம்.

கடைக்குப் போன ஒரு நாள், ஒரு அம்மா தன் சின்னப் பையன்கிட்ட இவரைக் கைகாட்டி, மொத்த பிரேசிலையும் அழவெச்ச ஆள் இவர்தான்னு சொல்லியிருக்காங்க. மேட்ச் முடிஞ்சு இருபது வருஷத்துக்கு மேல ஆகியிருந்த நேரம் அது. 1950-ல் அந்தப் பையன் பிறந்தே இருக்க மாட்டான்.

1988-ல் இவர் பேர்லயே ஒரு குறும்படம் வந்தது. சின்ன வயசுல அந்த மேட்சைப் பார்த்த ஒருத்தர், காலத்துல பின்னோக்கிப் போய் அந்த கோலைத் தடுக்கப் பார்க்கிற கதை. 38 வருஷம் கழிச்சும் கற்பனையிலயாவது அந்தப் பந்தை நிறுத்த முடியாதான்னு தவிச்சிருக்காங்க பாருங்க!

1993-ல் பிரேசில் அணி பயிற்சி எடுத்துட்டு இருந்த இடத்துக்கு வாழ்த்துச் சொல்லப் போனார் பார்போசா. உள்ளே விட மறுத்துட்டாங்க. காரணம், அபசகுனம். 1994 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற அவங்க தோற்காம இருக்கவேண்டிய மேட்ச் உருகுவேக்கு எதிரா, அதுவும் மரக்கானாவுல. அப்போ பார்போசாவுக்கு 72 வயசு.

மனைவி க்ளோடில்டேவும் போன பிறகு, கடைசிக் காலத்தைக் கடலோர ஊரான பிரயா கிராண்டேயில கழிச்சார். கையில பெருசா காசு இல்லை. பழைய கிளப் வாஸ்கோ செஞ்ச உதவி இருந்தது. பெத்த பொண்ணு மாதிரி பார்த்துக்கிட்ட ஒரு தோழி இருந்தாங்க. பிரேசில் சட்டத்துல அதிகபட்ச சிறைத் தண்டனை 30 வருஷம்தான், தான் 50 வருஷமா அனுபவிச்சுட்டு இருக்கேன்னு கணக்குச் சொல்வாராம். 2000 ஏப்ரல் 7-ம் தேதி, 79 வயசுல இறந்துபோனார்.

2014-ல் சொந்த மண்ணுல ஜெர்மனிகிட்ட 7-1-னு பிரேசில் தோத்தப்போ, பார்போசாவுக்கு இனிமேலாவது விடுதலைன்னு நிறைய பேர் எழுதினாங்க. அதைப் படிக்க அவர் இல்லை. அடுத்த வருஷம் கிஜ்ஜியாவும் 88 வயசுல இறந்தார். அன்னிக்குத் தேதி ஜூலை 16. சரியா 65 வருஷம்.

நாம இப்போ ஒரு கேட்ச் விட்டவரை, ஒரு பெனால்டியை வெளியே அடிச்சவரை வெச்சு மேட்ச் முடியறதுக்குள்ள நூறு மீம் போட்டுடறோம். மறுநாள் நமக்கு மறந்துபோகும். அந்த ஆட்டக்காரருக்கு மறக்குமாங்கிறது சந்தேகம்தான். அடுத்த தடவை ஷேர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி, அந்த ஒரு அடி நகர்ந்த பார்போசாவை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க மக்களே!